வெப்பத்தை இறைக்கும் பொறி

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது நீரின் இயல்பு. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குச் செல்வது வெப்பத்தின் இயல்பு. ஆறிப்போன தேநீர் தன்னைச் சூழ்ந்துள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தானாகவே மீண்டும் கொதித்ததென்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. அங்ஙனமாயின், 15 பாகை வெப்பநிலையுள்ள குளிர்ந்த காற்றைக் கொண்டு ஒரு நீச்சல் தடாகத்தின் நீரை 27 பாகைக்குச் சூடாக்கலாம் என்று ஒருவர் கூறினால், அதனை நம்பலாமா? மேலும், அவ்வாறு சூடாக்கும் பொறி தான் உண்ணும் மின்சாரத்தைப்போல் ஐந்து மடங்கு வெப்பத்தைத் தருமென்றும் அவர் சொன்னால், கேட்பவர் அவரை ஏமாற்றுக்காரர் என்றே எண்ணக்கூடும். ஆயினும் அவர் கூறுவது உண்மை. அந்தப் பொறியின் பெயர் வெப்பப் பம்பி. அது எங்ஙனம் தொழிற்படுகிறது என்பதையே இன்று ஆராய்வோம். இப்பேச்சில் வரும் பாகைகள் யாவும் சதம அளவையைச் சேர்ந்தவை என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றையும் துலாவையும் எண்ணிப் பாருங்கள். கிணற்றிலுள்ள நீர் தானாக மேலே ஏறி வாய்க்காலில் ஓடுவதில்லை. துலா மிதிப்பவனும் பட்டை பிடிப்பவனும் உழைத்தாலன்றிப் பயிருக்கு நீரில்லை. ஆனால், அவர்கள் அந்த நீரை உண்டாக்குகிறார்களா? இல்லை. நிலத்தின் கீழே முன்னரே இருந்த நீரைத் தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்துக்கு ஏற்றுகிறார்கள், அவ்வளவே. வெப்பப் பம்பி செய்வதும் இதுதான். குளிர்ந்த காற்றிலும் வெப்பம் உண்டு. அது தாழ்ந்த மட்டத்தில், அதாவது தாழ்ந்த வெப்பநிலையில் இருக்கிறது. அதனை உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றித் தடாக நீருக்குள் ஊற்றுவதற்கே மின்சாரம் செலவாகிறது. மின்சாரம் துலா மிதிப்பவனின் உழைப்பைப் போன்றது. இறைக்கப்படும் நீரோ காற்றின் வெப்பம். உழைப்பையும் நீரையும் ஒன்றாக எண்ணிக் குழம்பாதவருக்கு, ஒன்றைக் கொடுத்து ஐந்தைப் பெறுவது மாயமாகத் தோன்றாது.

நீச்சல் தடாகத்தைச் சூடாக்குவது வீண் ஆடம்பரம் என்று கருதுவோரும் உளர். வெப்ப நாட்டில் வாழும் நமக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆனால், மனித உடலின் வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை. நீர் வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வல்லது. ஆகவே, 17 பாகைக் காற்றில் இன்பமாக உலாவும் ஒருவர், 17 பாகை நீரில் இறங்கினால் சிறிது நேரத்திலேயே நடுங்கத் தொடங்குவார். நீந்தக் கற்கும் சிறுவர்கள் குளிர்ந்த நீரில் நெடுநேரம் நிற்க முடியாது. சர்வதேச நீச்சற் போட்டிகளுக்கு நீரின் வெப்பநிலை 25 பாகைக்கும் 28 பாகைக்கும் இடையில் இருக்கவேண்டுமென்பது விதி. மூட்டு நோயாளருக்கும் முடக்குற்றோருக்கும் நீரில் உடற்பயிற்சி அளிக்கும் வைத்தியசாலைத் தடாகங்கள் அதனினும் சூடாக, 33 பாகையையும் கடந்து வைக்கப்படுகின்றன. குளிர் நாடுகளில் வெப்பமூட்டாத தடாகம் ஆண்டின் பெரும் பகுதியில் பயனற்றுக் கிடக்கும்.

இதற்கு வேண்டிய வெப்பம் எவ்வளவு? 10 மீற்றர் நீளமும், 5 மீற்றர் அகலமும், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழமும் கொண்ட ஒரு சிறு தடாகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 75,000 லீற்றர் நீர் கொள்ளும். இந்நீரின் வெப்பநிலையை ஒரேயொரு பாகை உயர்த்துவதற்கு ஏறக்குறைய 87 கிலோவாற்று மணி வெப்பம் வேண்டும். கிலோவாற்று மணி என்பதும், நமது மின்சாரக் கட்டணச் சீட்டில் ஓர் அலகு என்று குறிக்கப்படுவதும் ஒன்றே. எனவே, நீரை 17 பாகையிலிருந்து 27 பாகைக்கு உயர்த்த 870 அலகு வெப்பம் தேவை. வெந்நீர்க் கேத்தலில் உள்ளதுபோன்ற மின்கம்பிச் சுருளால் இவ்வேலையைச் செய்தால், 870 அலகு மின்சாரமும் முழுமையாகச் செலவாகும். வெப்பப் பம்பியாற் செய்தால் ஏறக்குறைய 175 அலகு போதும். மீதி 695 அலகையும் புறத்தேயுள்ள காற்று தருகிறது.

இந்த விந்தைக்கு அடிப்படையாக இருப்பவை மூன்று எளிய உண்மைகள். மூன்றும் நம் அன்றாட வாழ்விற் காண்பவையே.

முதலாவது: ஒரு திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உட்கொள்ளுகிறது, ஆவி மீண்டும் திரவமாக ஒடுங்கும்போது அதே வெப்பத்தை வெளியிடுகிறது. உள்ளங்கையில் சிறிது மதுசாரத்தை ஊற்றி ஊதினால் கை சில்லென்று குளிர்கிறது. மண்பானையின் நுண்துளைகளிற் கசியும் நீர் ஆவியாவதால் பானை நீர் தண்மை பெறுகிறது. இவ்வாறு ஆவிக்குள் மறைந்துகிடக்கும் வெப்பத்தை அறிவியலார் மறைவெப்பம் என்பர்.

இரண்டாவது: ஒரு திரவம் எந்த வெப்பநிலையிற் கொதிக்கும் என்பது அதன்மீதுள்ள அமுக்கத்தைப் பொறுத்தது. கடற்கரையில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், காற்றமுக்கம் குறைந்த நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. மாறாக, மூடி இறுக்கிய அமுக்க அடுகலத்தில் அது 100 பாகையைக் கடந்த பின்னரே கொதிக்கிறது. ஆகவே, அமுக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் கொதிநிலையை நாம் விரும்பியவாறு ஏற்றலாம், இறக்கலாம்.

மூன்றாவது: ஒரு வாயுவை விரைந்து அமுக்கினால் அது சூடேறும். துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடித்தவர் எவரும் பம்பியின் அடிப்பகுதி சுடுவதை உணர்ந்திருப்பர். உராய்வும் அதற்குச் சிறிது காரணம். ஆயினும் அமுக்கப்பட்ட காற்றே முதன்மையான காரணம்.

இம்மூன்று உண்மைகளையும் ஒரு வளையமாகக் கோத்தால் வெப்பப் பம்பி தோன்றுகிறது. அதன் குழாய்களுக்குள்ளே ஒரு திரவம் ஓயாது சுற்றிவருகிறது. நீர் இதற்கு ஏற்றதன்று. மிகத் தாழ்ந்த வெப்பநிலையிற் கொதிக்கும் பொருளொன்று தேவை. பல பொருள்கள் இப்பணிக்குப் பயன்படுகின்றன. நாம் புரொப்பேன் என்பதை எடுத்துக்கொள்வோம். சமையல் வாயுவில் கலந்திருக்கும் புரொப்பேனே இது. சாதாரணக் காற்றமுக்கத்தில் இது பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிற் கொதிக்கும். அமுக்கத்தை ஏறக்குறைய ஐந்தரை மடங்காக்கினால் 5 பாகையிற் கொதிக்கும். பதின்மூன்று மடங்கு அளவுக்கு உயர்த்தினால் 37 பாகையிற் கொதிக்கும். அதாவது, அந்த அமுக்கத்தில் அதன் ஆவி 37 பாகையில் ஒடுங்கித் திரவமாகும்.

இனி அத்திரவத்தின் பயணத்தைத் தொடர்ந்து செல்வோம். முதலில் அது ஆவியாக்கி என்னும் உறுப்பினுள் நுழைகிறது. மெல்லிய உலோகத் தகடுகள் நெருக்கமாகப் பொருத்தப்பெற்ற குழாய்ச் சுருளே ஆவியாக்கி. விசிறியொன்று புறக்காற்றை அச்சுருளின் ஊடாக இழுக்கிறது. சுருளினுள்ளே அமுக்கம் தாழ்ந்திருப்பதால், திரவம் 5 பாகையிற் கொதிக்க ஆயத்தமாயிருக்கிறது. 15 பாகைக் காற்று அதற்கு ஒரு சூடான அடுப்பு. காற்றிலிருந்து வெப்பம் தன் இயல்புப்படியே குளிர்ந்த திரவத்துக்குள் பாய்கிறது. திரவம் கொதித்து ஆவியாகிறது. வெப்பத்தை இழந்த காற்று மேலும் குளிர்ந்து வெளியேறுகிறது. பொறியின் வாயிலில் வீசும் காற்று எப்போதும் சில்லென்றிருப்பதன் காரணம் இதுவே.

அடுத்தது அமுக்கி. மின்சாரத்தின் பெரும்பகுதி செலவாவது இங்கேதான். அமுக்கி அந்த ஆவியை உறிஞ்சி, நெருக்கி, உயர்ந்த அமுக்கத்துக்கு ஆளாக்குகிறது. பம்பியினுள் காற்றுச் சூடேறுவதுபோல் ஆவியும் சூடேறுகிறது. மின்சாரமாக வந்த சக்தியும் வெப்பமாக மாறி அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாவது உறுப்பு ஒடுக்கி. இங்கே குழாயின் ஒரு புறத்தில் சூடான ஆவியும், மறு புறத்தில் தடாகத்து நீரும் ஓடுகின்றன. இரண்டும் கலப்பதில்லை, இடையே உலோகச் சுவர் உண்டு. ஆவி 37 பாகையில் ஒடுங்கத் தொடங்குகிறது. நீரோ 27 பாகையிலேயே இருக்கிறது. எனவே இங்கும் வெப்பம் தன் இயல்புப்படி சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே செல்கிறது. காற்றிலிருந்து பெற்ற வெப்பத்தையும் அமுக்கியிலிருந்து பெற்ற வெப்பத்தையும் நீருக்குக் கொடுத்துவிட்டு, ஆவி மீண்டும் திரவமாகிறது.

நான்காவது உறுப்பு விரிவு வால்வு. இது ஓர் ஒடுங்கிய வழி. அதனூடாகப் பிதுங்கி வெளிப்படும் திரவத்தின் அமுக்கம் திடீரெனத் தாழ்கிறது. அதில் ஒரு பகுதி உடனே ஆவியாகித் தன்னையே குளிர்விக்கிறது. 5 பாகையில் மீண்டும் ஆவியாக்கியை அடைந்து, திரவம் தன் பயணத்தைத் திரும்பவும் தொடங்குகிறது. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் நடப்பது இதுவே. அப்பெட்டி உள்ளிருக்கும் உணவின் வெப்பத்தை இறைத்துச் சமையலறையிற் கொட்டுகிறது. தடாகத்துப் பம்பி வெளிக்காற்றின் வெப்பத்தை இறைத்து நீரிற் கொட்டுகிறது. முன்னதில் நாம் விரும்புவது குளிர். பின்னதில் விரும்புவது வெப்பம். வேறுபாடு அவ்வளவே.

அப்படியானால் ஒன்றுக்கு ஐந்து என்னும் கணக்கு எப்போதும் நிலையானதா? அன்று. கிணறு ஆழமானால் உழைப்பும் மிகுமல்லவா? இங்குக் கிணற்றின் ஆழம் என்பது திரவம் கொதிக்கும் வெப்பநிலைக்கும் ஒடுங்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடே. இவ்வேறுபாட்டுக்கும் உழைப்புக்கும் உள்ள உறவுக்கு அடிகோலியவர் பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் சாடி கார்னோ. நீராவி எஞ்சின்களின் ஆற்றலுக்கு இயற்கை விதித்த எல்லையை அவர் 1824ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலில் விளக்கினார். அதன்வழி வந்த கணக்கு இது: ஒடுங்கும் வெப்பநிலையுடன் 273ஐக் கூட்டி, வரும் தொகையை இரு வெப்பநிலைகளின் வேறுபாட்டால் வகுத்தால், குறையொன்றுமில்லாத பொறி தரக்கூடிய மடங்கு கிடைக்கும். நமது எடுத்துக்காட்டில் 37உடன் 273 சேர்ந்தால் 310, வேறுபாடு 32, ஈவு ஒன்பதே முக்காலுக்கு அருகில் வரும். உராய்வு முதலிய இழப்புகளால் உண்மைப் பொறி இதில் ஏறக்குறைய பாதியையே தரும். ஐந்து என்னும் எண் வந்த வழி இதுவே. புறக்காற்று உறைநிலையை அணுகும்போது, திரவம் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையிற் கொதிக்கவேண்டியதாகும். அப்போது வேறுபாடு 47ஆக உயர்வதால், மடங்கு மூன்றேகாலுக்குத் தாழ்ந்துவிடும்.

இதில் ஒரு பொருளாதார உண்மையும் அடங்கியிருக்கிறது. எரிபொருளை எரித்து மின்சாரம் ஆக்கும் நிலையங்கள் பல, எரிபொருளின் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கை மட்டுமே மின்சாரமாக மாற்றுகின்றன. மூன்று பங்கு வெப்பத்தைச் செலவிட்டுப் பெற்ற ஒரு பங்கு மின்சாரத்தை, மின்கம்பிச் சுருளில் மீண்டும் ஒரு பங்கு வெப்பமாக மாற்றுவது பெரும் வீண்செலவு. வெப்பப் பம்பியோ அந்த ஒரு பங்கைக் கொண்டு ஐந்து பங்கு வெப்பத்தைத் தருகிறது. எரிபொருளைக் கொதிகலத்தின் கீழ் நேராக எரித்திருந்தாலும் மூன்று பங்குக்கு மேற் கிடைத்திராது. ஆனால் பம்பியின் மடங்கு மூன்றுக்குக் கீழே இறங்குமாயின் இந்த இலாபம் மறைந்துவிடும். நீர்வீழ்ச்சியால் மின்சாரம் ஆக்கும் நாட்டிலோ கணக்கு வேறு. அங்கு எரிபொருளே வேண்டியதில்லை.

இந்த உண்மையை நன்குணர்ந்த நாடு சுவிற்சர்லாந்து. எனினும் வெப்பப் பம்பியின் வரலாறு அங்குத் தொடங்கவில்லை. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தொம்சன், காற்றை விரித்தும் அமுக்கியும் கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் முடியுமென 1852ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அதற்குச் சில ஆண்டுகளின் பின், ஒஸ்திரியாவில் பீற்றர் ரிற்றிங்கர் என்னும் பொறியியலாளர் எபென்சே உப்பளத்தில் உவர்நீரைக் காய்ச்சும்போது எழும் ஆவியை அமுக்கிச் சூடேற்றி, அதே ஆவியால் உவர்நீரைக் காய்ச்ச முயன்றார். விறகைச் சிக்கனப்படுத்துவதே அவர் நோக்கம்.

சுவிற்சர்லாந்திலோ நிலக்கரி அரிது. மலையருவிகளின் மின்சாரம் ஏராளம். சூரிச் நகரில் லிம்மாற் ஆற்றங்கரையில் 17ஆம் நூற்றாண்டிற் கட்டப்பெற்ற நகர மண்டபத்தை வெப்பமூட்டுவதற்கு 1938ஆம் ஆண்டில் ஒரு வெப்பப் பம்பி நிறுவப்பட்டது. எஷர் வீஸ் நிறுவனம் அமைத்த அப்பொறி, ஓடும் ஆற்று நீரிலிருந்தே வெப்பத்தை இறைத்தது. 1939இல் உலகப் போர் மூண்டபின் அயல்நாட்டு நிலக்கரியைப் பெறுவது கடினமாயிற்று. 1941இல் அந்நகரத்தில் திறக்கப்பட்ட பொது உள்ளரங்க நீச்சல் தடாகத்துக்கும் வெப்பப் பம்பியே வெப்பம் அளித்தது. அந்நாட்டார் ஏரியையும், ஆற்றையும், நிலத்தடி நீரையும், கழிவு வெப்பத்தையும் தமது நிலக்கரிச் சுரங்கங்களாக்கிக் கொண்டனர். நகர மண்டபத்தின் பழைய பொறி அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 2001ஆம் ஆண்டிலேயே மாற்றப்பட்டது.

எத்துணைச் சிறந்த பொறியாயினும், அதனை அறிந்து ஆள்பவர் கையிலேதான் பயன் தரும். தடாகத்தின் வெப்பத்தைத் திருடும் முதற் கள்வன் ஆவியாதலே. ஒரு கிலோகிராம் நீர் தடாகத்தின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும்போது, ஏறக்குறைய 580 கிலோகிராம் நீரை ஒரு பாகை குளிர்விக்கப் போதிய வெப்பத்தைக் கொண்டுசெல்கிறது. நமது சிறு தடாகத்தில் ஒருநாளில் 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாயிற்று என்று வைத்துக்கொண்டால், 250 லீற்றர் நீரும் 169 அலகு வெப்பமும் வானிற் சென்றுவிடும். தடாகம் இரண்டு பாகை குளிர்வதற்கு இதுவே போதும். பத்துப் பாகை ஏற்றுவதற்கு நாம் கணக்கிட்ட மின்சாரத்தில் ஐந்திலொரு பங்கு ஒவ்வொரு நாளும் இவ்வாறு பாழாகும். நீந்துவோர் இல்லாத வேளையில் ஒரு விரிப்பால் நீரை மூடிவைப்பது இந்த இழப்பைப் பெரிதும் தடுக்கும். விரிப்பில்லாமல் பொறியை மட்டும் வாங்குபவர் ஓட்டைப் பட்டையால் நீர் இறைப்பவரை ஒப்பர்.

இரண்டாவதாக, பொறியை அடைத்த அறைக்குள் வைத்தல் ஆகாது. தான் வெளியேற்றிய குளிர்ந்த காற்றையே அது மீண்டும் உறிஞ்ச நேரிடும். தன் கிணற்றைத் தானே ஆழமாக்குவதற்கு அது ஒப்பாகும். நாற்புறமும் காற்றோட்டமுள்ள திறந்த வெளியே அதற்கு உரிய இடம்.

மூன்றாவதாக, பொறியின் அடியில் நீர் தேங்குவதைக் கண்டு குழாய் வெடித்துவிட்டதென்று கலங்குவோர் பலர். குளிர்பானம் நிறைந்த கண்ணாடிக் குவளையின் புறத்தே நீர்த்துளி அரும்புவதுபோல், குளிர்ந்த ஆவியாக்கியின் மீது காற்றிலுள்ள ஈரம் படிந்து சொட்டுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். வெப்பப் பம்பியை நிறுத்திவிட்டுத் தடாக நீரை மட்டும் குழாய்களில் ஓடவிட்டால் உண்மை விளங்கும். சிறிது நேரத்திற் சொட்டுதல் நின்றுவிட்டால் அது காற்றின் ஈரமே. நிற்காவிடின் கசிவு உண்டெனத் தெளியலாம். காற்றின் ஈரம் ஒடுங்கும்போது தன் மறைவெப்பத்தையும் பொறிக்குக் கொடுப்பதால், ஈரமிக்க காற்று இப்பொறிக்கு நண்பனே. ஆனால் கடுங்குளிரில் அந்த ஈரம் ஆவியாக்கியில் உறைபனியாகப் படிந்து காற்றின் வழியை அடைத்துவிடும். அப்போது பொறி தன் ஓட்டத்தைச் சிறிது நேரம் மாற்றிப் பனியை உருக்கிக்கொள்ள வேண்டும்.

நான்காவதாக, தடாக நீரைத் தூய்மையாக்கும் குளோரீன் பல உலோகங்களை அரிக்கவல்லது. அதனாலேயே ஒடுக்கியில் நீர் படும் குழாயைத் தைத்தேனியம் என்னும் உலோகத்தாற் செய்கின்றனர். நீர் முதலில் வடிகட்டியையும், பின்னர் வெப்பப் பம்பியையும் கடந்து, அதன் பின்னரே குளோரீன் ஊட்டும் கருவியை அடையவேண்டும். இவ்வொழுங்கை மாற்றினால் செறிந்த குளோரீன் பொறியின் உள்ளே புகுந்து அதன் ஆயுளைக் குறைத்துவிடும்.

குழாய்க்குள் ஓடும் பொருளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1930ஆம் ஆண்டையொட்டிக் கண்டுபிடிக்கப்பட்ட குளோரோபுளோரோகாபன் என்னும் சேர்வைகள் நஞ்சற்றவை, எரியாதவை எனப் போற்றப்பட்டன. அவை வானிற் சென்று ஓசோன் படையைச் சிதைக்கக்கூடும் என்பதை மொலினா, றோலண்ட் என்னும் அறிவியலார் 1974இல் எடுத்துக்காட்டினர். 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் பயனாக அவை கைவிடப்பட்டன. அவற்றின் இடத்துக்கு வந்தவற்றிற் சில ஓசோனுக்குத் தீங்கற்றவையாயினும், பூமியின் வெப்பத்தை மிகுவிப்பவை. ஆதலின் 2016ஆம் ஆண்டில் கிகாலி நகரில் அவற்றையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் உடன்பட்டன. புரொப்பேன் இவ்விரு தீங்குகளையும் பெரிதும் தவிர்க்கிறது. ஆனால் எளிதில் தீப்பற்றும். எனவே, எந்தப் பொருளாயினும் அதனை வெளியே கசியவிடாமல் காப்பதும், பழுதான பொறியைத் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதும் கடமையாகும்.

மூட்டிய உடனே வெந்நீர் தரும் அடுப்பன்று இப்பொறி. மணிக்குப் பதினேழரை அலகு வெப்பம் தரும் ஒரு வெப்பப் பம்பி, நமது தடாகத்தைப் பத்துப் பாகை சூடாக்க, இழப்பே இல்லையெனினும் ஐம்பது மணி நேரம் எடுக்கும். பொறுமையாக இறைப்பதே அதன் முறை. வெப்ப நாடுகளில் இதன் ஓட்டத்தைத் திருப்பிவிட்டு, வெயிலிற் காய்ந்த தடாக நீரைக் குளிர்விப்பதும் உண்டு. அப்போது வெப்பம் நீரிலிருந்து காற்றுக்கு இறைக்கப்படும். எவ்வாறாயினும், இப்பொறியை வாங்க எண்ணுபவர் விற்பவரிடம் எத்தனை மடங்கு வெப்பம் தரும் என்று மட்டும் கேட்டு அமைதல் போதாது. எந்தக் காற்று வெப்பநிலையில், எந்த நீர் வெப்பநிலையில் அந்த மடங்கு கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். கிணற்றின் ஆழத்தை அறியாமல் இறைப்புக் கூலி பேசுவோர் நம்மிடையே இல்லை அல்லவா?